ஊருக்குள் சமர்த்து, ஹைவேயில் கொதிப்பு: பழைய கார் ஏன் சூடாகிறது?

‘வண்டி ஹீட் ஆகுது’ என்று பழைய கார் வைத்திருப்பவர் யாராவது சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போது? கிண்டி சிக்னலில் நிற்கும்போது ஏறும் டெம்பரேச்சர் முள், தாம்பரம் தாண்டி வேகம் பிடித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் இன்ஜினைச் சுற்றிவரும் நீரை ஆற்றும் ரேடியேட்டரின் ஃபேனைப் பாருங்கள். ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை, செங்கல்பட்டு தாண்டி 90, 100 என்று போகும்போதுதான் முள் மேலே நகர்கிறது, 60-க்குக் குறைத்தால் தானாகவே இறங்கிவிடுகிறது என்றால் கதையே வேறு. இங்கே பார்க்கப்போவது இந்த இரண்டாவது வகை.

மாருதி 800, அம்பாசிடர் போன்ற வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இரண்டின் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவை எல்லாமே வயதானவைதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் காலத்து வண்டியில் ஸ்கேனர் மாட்டிக் கோளாறைப் படிக்க முடியாது. கண், கை, காது, கொஞ்சம் யோசனை, இவ்வளவுதான் கருவி. அதனாலேயே புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது நல்ல பாடம்.

ஹைவேயில் சூடாகும் வண்டிக்குப் பலர் முதலில் மாற்றுவது ஃபேன் மோட்டாரையும் அதன் ஸ்விட்சையும். பெரும்பாலும் வீண் செலவு. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து வரும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபேன் சம்பந்தப்பட்ட ஒரே விதிவிலக்கு, யாராவது வயரை மாற்றிக் கொடுத்து அது எதிர்த்திசையில் சுற்றுவது. அப்போது எதிரே வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கட்டும். 800-இல் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. அது ஓடும்போது முன்பக்கம் ஒரு காகிதத் துண்டைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து வந்தால் வயர் மாறியிருக்கிறது.

சரி, காற்றுதான் தாராளமாக வருகிறதே, பிறகு ஏன் சூடாகிறது?

காரணம் கணக்கில் இருக்கிறது. கார் காற்றைப் பிளந்துகொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். 60-லிருந்து 100-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடுகிறது. ஆனால் காற்றுக்காகச் செலவாகும் சக்தி நாலரை மடங்கு ஆகிவிடும். டயர் உருள்வதற்கான சக்தி இவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை என்பதால், சிறிய கார் ஒன்றுக்கு மொத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் இன்ஜினில் சக்கரத்துக்குப் போகும் சக்தி எவ்வளவோ, சுமாராக அதே அளவு வெப்பம் குளிரூட்டும் நீருக்கும் போகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 12 கிலோவாட் அளவுக்கு வரும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் கெய்சர் 2 கிலோவாட். அப்படி ஆறு கெய்சர் ஓயாமல் சூடாக்கும் நீரை, முன்னால் இருக்கும் அந்த ஒற்றைத் தட்டு ஓயாமல் ஆற்ற வேண்டும்.

வெப்பம் மூன்று மடங்கு கூடும்போது, ரேடியேட்டர் வழியே போகும் காற்றோ வேகத்துக்கு ஏற்ப ஒன்றரை மடங்கு சொச்சமே கூடுகிறது. புதிய காரில் ரேடியேட்டரின் திறனில் நிறைய உபரி வைத்திருப்பார்கள், அதனால் இது தெரிவதில்லை. இருபது வருடத்தில் அந்த உபரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட மிச்சமிருப்பது போதும், ஹைவேக்குப் போதாது. அதோடு, ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் 95 டிகிரி, மார்கழிக் காலைக் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. கத்திரி வெயிலில் காற்று 40 என்றால் 55 மட்டுமே. அதே ரேடியேட்டர், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேலை குறைந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒழுங்காக இருந்த வண்டி மே மாதம் மானத்தை வாங்குவது இதனால்தான்.

ஆகவே நாம் தேடுவது ‘எது உடைந்தது’ என்பதைவிட ‘எது குறைந்துபோனது’ என்பதை. நீர் ஓட்டம் குறைந்திருக்கலாம், காற்று போகும் வழி அடைத்திருக்கலாம், நீரின் அழுத்தம் குறைந்திருக்கலாம். இல்லையென்றால் இன்ஜினே தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பழைய வண்டியில் எர்த் தொடர்பு துருப்பிடித்திருந்தால் முள் இஷ்டத்துக்கு ஆடும். ஹெட்லைட் போட்டதும் முள் சட்டென்று நகர்ந்தால் கோளாறு வயரிங்கில். இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. நீர் மிகவும் குறைந்து சென்சார் நீரில் மூழ்காமல் ஆவியில் நின்றால், உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே காட்டும். மேலே போன முள் காரணமில்லாமல் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாமல் ஓரம் கட்டுங்கள்.

ஓரம் கட்டியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வருடா வருடம் யாராவது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தில்தான் அந்த நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியும் ஒரே மூச்சில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேலாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (இன்ஜினிலிருந்து சூடான நீர் வரும் ரப்பர் குழாய்) அழுத்தினால் கை பொறுக்கிற சூட்டில் தொளதொளவென்று இருக்க வேண்டும், அப்புறம்தான் மூடி.

இனி தேடல். காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். கிரில்லுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏ.சி. உள்ள வண்டியில் முன்னால் ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர் என்று இரண்டு தட்டுகள் இருக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள சந்தில் பல வருட வைக்கோல், பூச்சி, செம்மண் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னோக்கி, மெதுவான வேகத்தில் அடிக்க வேண்டும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நெருக்கத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுவிடும். அந்தத் தகடுகளை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால், குழாயிலிருந்து வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் இணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கழுவிப் பயனில்லை. குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான கோரை மாற்ற வேண்டியதுதான். கிரில்லுக்கு முன்னால் அழகுக்காக மாட்டிய பெரிய ஃபாக் லைட், கனமான பம்பர் கார்டு போன்றவற்றையும் சந்தேகப்படலாம். பம்பருக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தடுப்பு எப்போதோ உடைந்து போயிருந்தால் அதைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் வண்டிக்கு அடியில் நழுவிவிடும். வேகம் கூடக் கூட இதன் விளைவும் கூடும்.

வெளியே சுத்தம் என்றால் உள்ளே. என் கணிப்பில், ஹைவேயில் மட்டும் சூடாகும் பழைய வண்டிகளில் முதல் சந்தேகம் உள்ளே அடைத்துப்போன ரேடியேட்டர் மீதுதான் விழ வேண்டும். நம் ஊரில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வண்டி சூடானால் வழியில் கிடைக்கிற போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறோம். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் குறுகலான குழாய்களிலும் படிகிறது. இன்ஜினிலிருந்து வரும் துருவும் அதோடு சேர்ந்துகொள்ளும். குழாய்களில் பாதி அடைத்துப்போனாலும் ஊருக்குள் ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது. துப்பாக்கி மாதிரி நீட்டி அளப்பது, கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் உடல் வெப்பம் அளப்பது உதவாது, பட்டறைகளில் பயன்படுத்தும் அதிக வெப்பம் அளக்கும் வகை வேண்டும். ஹைவேயில் முள் ஏறியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டே அளக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அது தவறாகக் காட்டும். ரப்பர் ஹோஸிலும் கருப்புப் பெயின்ட் அடித்த இடத்திலும் காட்டுங்கள். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் சீராகக் குறைந்துகொண்டு வந்தால் ரேடியேட்டர் ஆரோக்கியம். நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது, சூடான நீர் அங்கே போகவே இல்லை. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தால் நீர் போதிய அளவு ஓடவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் நீர் ஓடுகிறது, வெப்பத்தைக் கொடுக்காமல் திரும்பி வருகிறது. பழி வெளித் தகடுகளுக்கும் காற்றுக்கும். இந்த வேலை செய்யும்போது மின்சார ஃபேன் பக்கம் கை போகக் கூடாது, எப்போது சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது.

பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கின் பற்றவைப்பைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யும் ரேடியேட்டர் கடைகள் இன்னும் இருக்கின்றன. பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இது நடக்காது, புதிதாக மாற்றுவதே மலிவு.

அடுத்தது பலரும் பார்க்காத இடம்: கீழ் ஹோஸ். ரேடியேட்டரில் ஆறிய நீரை வாட்டர் பம்ப் இந்த ஹோஸ் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. இன்ஜின் வேகம் கூடினால் உறிஞ்சும் விசையும் கூடும். ரப்பர் வயதாகித் தளர்ந்திருந்தால், அல்லது உள்ளே இருக்க வேண்டிய கம்பிச்சுருள் துருப்பிடித்துக் கரைந்திருந்தால், ஹோஸ் சப்பையாகி நீரோட்டம் நின்றுவிடும். வேகம் குறைந்ததும் ரப்பர் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பட்டறையில் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில்) பார்க்கும் மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியாது. நண்பர் ஒருவரின் 800-இல் ஃபேன், ஸ்விட்ச், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றியும் தீரவில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, நன்றாகச் சூடான இன்ஜினின் ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்து மூவாயிரம் ஆர்பிஎம் அளவில் பிடித்தோம். கீழ் ஹோஸின் வளைவு கண்ணெதிரே உள்வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. கேபிளை விட்டதும் மறுபடி உப்பியது. புதிய ஹோஸ் போட்டதோடு முடிந்தது வேலை. இந்தச் சோதனையின்போது துண்டு, தளர்ந்த சட்டை எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

பம்பும் பெல்ட்டும் இதே குடும்பம். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ஒரே பெல்ட்தான் பம்பையும் ஃபேனையும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பெல்ட்டின் பக்கவாட்டுகள் கண்ணாடி மாதிரி மினுங்கினால் வேகத்தில் வழுக்கும். கூடவே ‘கீச்’ சத்தமும் சார்ஜிங் விளக்கின் மினுக்கலும் இருக்கலாம். வெறும் தண்ணீரில் பல வருடம் ஓடிய பம்பில் உள்ளே இருக்கும் இறக்கைகள் அரித்துக் குட்டையாகிவிடும். வெளியே ஒரு சொட்டுக் கசிவுகூட இருக்காது. கழற்றினால்தான் தெரியும் என்பதால் இதைப் பட்டியலின் பின்பகுதியில் வையுங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?’ என்று சொல்லி அதைப் பிடுங்கிப் போடுவது பரவலான பழக்கம். தெர்மோஸ்டாட் வெளி வெயிலைப் பார்ப்பதில்லை. இன்ஜின் நீர் 82 அல்லது 88 டிகிரி என்று அதில் பொறித்திருக்கும் வெப்பத்துக்கு வந்ததும் திறக்கத் தொடங்கும் வால்வு அது, அவ்வளவுதான். சில இன்ஜின்களில் அது திறக்கும்போதே, நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடவும் செய்யும். அந்த வகையில் அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ஆறாமலே இன்ஜினுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஹைவேயில் நிலைமை இன்னும் மோசமாகும். ‘தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடுவதால் ஆற நேரமில்லை’ என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அது தவறு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் கூடுமே தவிரக் குறையாது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்ட மற்ற இன்ஜின்களிலோ ஊருக்குள் இன்ஜின் சூடேறாமலே ஓடி, பெட்ரோலைக் குடித்து, சீக்கிரம் தேயும். சோதிப்பது சுலபம். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பொறித்திருக்கும் வெப்பத்தில் அசையத் தொடங்கி, நீர் கொதிக்கும் முன்பே நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பாதியில் நின்றுவிடும் தெர்மோஸ்டாட்தான் ஹைவேயில் காலை வாரும். அரைத் திறப்பு ஊருக்குள் போதும் அல்லவா?

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள், விலையும் குறைவு. 0.9 (பார் அழுத்தம்) என்று பொறித்த மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. நீர் பக்கத்து பாட்டிலுக்குப் பொங்கிவிடும். வண்டி ஆறிய பிறகும் பாட்டிலில் இருப்பது ரேடியேட்டருக்குத் திரும்பவில்லை என்றால் மூடியை மாற்றிப் பாருங்கள். அதே எண் உள்ள மூடிதான் வேண்டும். அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்தால் பழைய ஹோஸ் எங்காவது வெடிக்கும்.

கூலண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பத்தைச் சுமப்பதில் தூய நீர்தான் கெட்டிக்காரன். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். அடர்கூலண்ட்டை அப்படியே ஊற்றினால் குளிர்ச்சி கூடும் என்பது தப்புக்கணக்கு. சரிபாதியாக, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் வகை என்றால் மேலும் நீர் சேர்க்கக் கூடாது.

இதுவரை பார்த்தது வெப்பம் வெளியேறாத கதை. வெப்பம் அதிகமாக உற்பத்தியாகும் கதையும் உண்டு, அது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த வண்டிகளுக்கே உரியது. பெட்ரோல் எரிய நேரம் பிடிக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பொறி இன்னும் முன்கூட்டியே வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இதைப் பார்த்துக்கொள்கின்றன. சீரான வேகத்தில் போகும்போது இன்ஜினின் உறிஞ்சலால் அசையும் வேக்குவம் டயாஃப்ரம் பொறியை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளும். எடைகள் துருவில் இறுகிவிட்டால் அல்லது டயாஃப்ரம் கிழிந்துவிட்டால் ஐடிலிங்கில் பொறி வரும் நேரம் (டைமிங்) சரியாகவே இருக்கும். 90-இல் போகும்போது பொறி தாமதமாக வரும். எரிதல் பின்தங்கி, சக்தியாக வேண்டியது வெப்பமாக எக்ஸாஸ்ட் பக்கத்துக்கும் நீருக்கும் போகும். வண்டி சூடாவதோடு இழுவையும் மந்தமாகியிருந்தால் இங்கே பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் லேசாகத் திருப்பி விடுங்கள். பட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் உள்ளே தகடு நகர்ந்து, நாக்கால் அடைத்திருக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட்டில் தூசி அடைத்து, வேகத்தில் பெட்ரோல் போதாமல் போனாலும் இதே மாதிரி சூடாகும். விடாமல் உரசும் பிரேக்கும் இன்ஜினுக்குக் கூடுதல் சுமைதான். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாலே எது அதிகம் சுடுகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் பயப்படுவது, இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கு. பயப்படலாம், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். கசிவே தெரியாமல் நீர் குறைவது, காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வருவது, இவை இருந்தால் பட்டறையில் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றில் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். கேஸ்கெட் லேசாக மட்டும் விட்டிருந்தால், இன்ஜின் கடினமாக உழைக்கும் ஹைவேயிலும் ஏற்றத்திலும்தான் முதலில் தெரியும்.

கோளாறு எதுவானாலும் வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, வேகத்தை 60-க்குக் கொண்டுவாருங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுவதுமாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், வேர்த்துக் கொட்டும், இன்ஜின் பிழைக்கும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள். தகிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வேலை முடிந்த பிறகு உள்ளே காற்று சிக்கியிருக்கக் கூடாது. மேடான இடத்தில் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். அப்புறம் மூடியைப் போட்டு, முன்பு முள் ஏறிய அதே சாலையில், அதே வெயிலில் ஓட்டிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். முதலில் ஏ.சி. இல்லாமல் 80-இல் பத்து நிமிடம், பிறகு 100, கடைசியாக ஏ.சி.யோடு 100. மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நீர் விளிம்புவரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ இன்னும் கசிகிறது. ஹீட்டர் ஹோஸ், பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ரேடியேட்டர் டேங்கின் பற்று என்று அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்.